மற்ற மூன்றும் ஏன் தவறு? ஈபிபிபி தேர்வுக்குப் படித்த அனுபவம்

முனைவர் பட்டம் வாங்கியாகிவிட்டது, இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது, போஸ்ட்டாக்கில் (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சிப் பணியில்) தினமும் நோயாளிகளைப் பார்க்கிறோம். ஆனாலும் கலிஃபோர்னியாவில் நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையின் கீழும் என் பெயருக்குப் பக்கத்தில் "ரெஜிஸ்டர்டு சைக்கலாஜிக்கல் அசோசியேட்" என்றுதான் இருக்கும். அதற்குக் கீழே என் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். "சைக்காலஜிஸ்ட்" என்று போட்டுக்கொள்ள உரிமம் வேண்டும். உரிமத்துக்கு ஈபிபிபி வேண்டும்: அமெரிக்காவிலும் கனடாவிலும் உளவியலாளர் உரிமத்துக்காக எழுதும் தேர்வு.

இதைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருத்துவ உளவியல் படிக்கிற நம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக இது.

முதலில் தேர்வின் உருவம். 225 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், 4 மணி 15 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 68 நொடி. இந்த 225-இல் 175-க்குத்தான் மதிப்பெண். மீதி 50 கேள்விகள் வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்ப்பவை. எது எதுவென்று சொல்ல மாட்டார்கள். மதிப்பெண் 200 முதல் 800 வரை ஓர் அளவுகோலில் வரும். தனியாகத் தொழில் செய்ய 500 வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள் என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. நடத்துவது ஏ.எஸ்.பி.பி.பி. என்ற, உளவியல் உரிம வாரியங்களின் கூட்டமைப்பு; உட்கார்ந்து எழுதுவது பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் கணினித் தேர்வு மையத்தில். தேர்வுக் கட்டணம் 600 டாலர், மையக் கட்டணம் தனி. போஸ்ட்டாக் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை.

எட்டுப் பகுதிகள். நான் எழுதியபோது இருந்த பங்கீடு: மதிப்பீடும் நோயறிதலும் 16 சதவீதம், அறம்-சட்டம்-தொழில்முறை 16, சிகிச்சையும் மேற்பார்வையும் 15, அறிதல்-உணர்வு 13, வளர்ச்சி 12, சமூக-பண்பாட்டு அடிப்படைகள் 11, உயிரியல் 10, ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் 7. நீங்கள் விண்ணப்பிக்கும்போது ஏ.எஸ்.பி.பி.பி. வெளியிட்டிருப்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இந்த அட்டவணையை மேசைக்கு மேலே ஒட்டி வைப்பது வெறும் சடங்கு இல்லை. நம்மில் பலருக்குப் பயம் ஒரு பக்கம் இருக்கும், மதிப்பெண் வேறு பக்கம் இருக்கும். புள்ளியியலைக் கண்டு நடுங்கி மாதக்கணக்கில் அதையே பிடித்துக்கொண்டிருந்தவர்களைத் தெரியும். எண்ணப்படும் 175 கேள்விகளில் அது 12 போல வரும், அவ்வளவுதான். முதல் மூன்று பகுதிகளைக் கூட்டினால் 47 சதவீதம்.

இந்தத் தேர்வு கண்ணுக்கெட்டிய தூரம் வரை விரிந்த ஏரி. ஆனால் தண்ணீர் முழங்கால் அளவுதான். நான் குழந்தைகளின் பதற்றக் கோளாறுகளில் வேலை பார்ப்பவள். என் துறையில் ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறேன். ஆனால் பணியாளர் தேர்வில் டெய்லர்-ரஸ்ஸல் அட்டவணை எதற்கு, ஹெர்ஸ்பெர்க்கின் இரு காரணிக் கோட்பாடு என்ன சொல்கிறது, ஹண்டிங்டன் நோயில் மூளையின் எந்தப் பகுதி முதலில் பாதிக்கப்படுகிறது என்பதையெல்லாம் பட்டப்படிப்பில் தொட்டதோடு சரி. ஈபிபிபி இவை எல்லாவற்றையும் கேட்கும், எதையும் ஆழமாகக் கேட்காது. நமக்குப் பிடித்த பகுதியில் மூழ்கிக் கிடப்பதுதான் இங்கே பெரிய ஆபத்து. படித்துக்கொண்டிருக்கிறோம் என்ற நிம்மதி கிடைக்கும், மதிப்பெண் கிடைக்காது.

எப்படிப் படிப்பது என்பதற்கு வெளியே எங்கும் போக வேண்டாம். பாடத்திலேயே இருக்கிறது. எபிங்ஹாஸ் 1885-இல் அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து காட்டினார். ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். சிலர் திரும்பத் திரும்ப வாசித்தார்கள், சிலர் வாசித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் முன்னணி. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முன்னணி. எனக்குப் பிடித்த பகுதி இது: தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது திரும்பத் திரும்ப வாசித்த கூட்டம்தான். மஞ்சள் மார்க்கர் தருகிற தைரியம் எல்லாம் இந்த வகைதான். இந்த ஆய்வைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தையும் மார்க்கரால் கோடிட்டுக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

ஆகவே என் படிப்பில் பெரும்பகுதி கேள்விகள். ஒரு பகுதியை மேலோட்டமாக ஒரு முறை வாசிப்பது, உடனே அதில் இருபது முப்பது கேள்விகள் போடுவது, அதற்குப் பிறகு அந்தக் கேள்விகளோடு போட்ட நேரத்தைவிட அதிக நேரம் உட்காருவது. இந்தக் கடைசிப் பாகம்தான் விஷயம். சரியான விடை எது என்று தெரிந்துகொள்வதற்கு நேரம் ஆகாது. மற்ற மூன்றும் ஏன் தவறு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். சரியாகப் போட்ட கேள்விக்கும்தான். அதிர்ஷ்டத்தில் சரியானது எத்தனை என்று அப்போதுதான் தெரிய வரும்.

என்னோடு முனைவர் பட்டம் படித்த தோழி ஒருத்தி வேறு மாநிலத்தில் போஸ்ட்டாக் செய்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் வேலைக்குக் காரோட்டிப் போகும் நேரத்தில் போனில் பேசுவோம். அவள் கேள்வியை வாசித்துக் காட்டமாட்டாள். முந்தின நாள் இருவரும் போட்ட கேள்வியைச் சொல்லிவிட்டு நேராக, "சி ஏன் தப்பு, சொல்லு" என்பாள். "தெரியலடி, ஏன்னா பி சரி" என்றால் விடமாட்டாள். "அது பதில் இல்ல. எந்த மாதிரிக் கேள்வி வந்தா சி சரியாகும்?" என்பாள். இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் ஒரு கேள்வியில் நான்கு விஷயம் படித்த மாதிரி. கேள்வி தயாரிக்கிறவர்கள் விடைகளை வெறுமனே பொய்யாக வைப்பதில்லை. தவறான மூன்றும் பெரும்பாலும் வேறொரு கேள்விக்குச் சரியான விடைகள்.

ஒன்றை விரித்துக் காட்டுகிறேன். தேர்வில் வந்த கேள்வியை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அதனால் இது அந்த அச்சில் நானே வார்த்தது.

புதிதாக வந்த க்ளையன்ட் ஒருவர், தன் முந்தைய உளவியலாளர் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே தன்னோடு பாலியல் உறவு வைத்திருந்தார் என்கிறார். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறார். நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஏ: உரிம வாரியத்தில் புகார் கொடுப்பது. பி: அந்த உளவியலாளரைத் தொடர்புகொண்டு நேரில் பேசித் தீர்ப்பது. சி: க்ளையன்ட்டுக்கு இருக்கும் வழிகளை அவரோடு பேசி, அவர் அனுமதி இல்லாமல் வெளியே கொண்டுபோகாமல் இருப்பது. டி: சிகிச்சை திசைமாறாமல் இருக்க, அவர் இப்போது எதற்காக வந்தாரோ அதை மட்டும் பார்ப்பது.

படித்தவுடன் ரத்தம் கொதிக்கும். கை ஏ-க்குப் போகும். விடை சி. ஏ ஏன் தவறு? ஏ.பி.ஏ. (அமெரிக்க உளவியல் சங்கம்) அறநெறித் தொகுப்பு கடுமையான மீறல்களைப் புகார் செய்யச் சொல்கிறதே? சொல்கிறது; ஆனால் அது க்ளையன்ட்டின் ரகசியத்தை மீறாத வரைக்கும்தான். க்ளையன்ட் சம்மதித்தால் ஏ சரியாகிவிடும். பி ஏன் தவறு? சக உளவியலாளரிடம் நேரில் பேசித் தீர்ப்பது சின்ன மீறல்களுக்கு, அதுவும் ரகசியம் உடையாது என்றால். ஒருவர் தன் தகுதியைப் பற்றி விளம்பரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறார் என்று நீங்களே பார்த்தால் பி சரி. டி ஏன் தவறு? அவரே வாய் திறந்து சொன்ன தீங்கைக் கேளாததுபோல் கடந்து போவது சிகிச்சையே இல்லை. ஒரு கேள்வி, ஆனால் தொகுப்பின் மூன்று நான்கு விதிகள் ஒன்றுக்கொன்று எங்கே விட்டுக்கொடுக்கின்றன என்பது தெரிந்துவிட்டது. தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தால் இது வராது.

இதிலேயே இன்னொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. மாநிலச் சட்டம். கலிஃபோர்னியாவில் இப்படி ஒரு க்ளையன்ட் சொன்னால், அவருடைய உரிமைகளை விளக்கும் அரசுக் கையேடு ஒன்றைக் கொடுத்து அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. வேறு மாநிலங்களில் வேறு விதி. ஈபிபிபி எல்லா இடத்துக்கும் பொதுவான தேர்வு, ஆகவே பொதுவான நெறியைத்தான் கேட்கும். டாராசாஃப் வழக்கும் அப்படித்தான். 1976-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆபத்தில் இருக்கும் மூன்றாமவரைப் பாதுகாக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்பது. அதை ஒவ்வொரு மாநிலமும் தனக்கு ஏற்றபடி எடுத்துக்கொண்டது. நம் கிளினிக்கில் போன மாதம் என்ன செய்தோம் என்பதைக் கேள்விக்குள் கொண்டுவரக் கூடாது.

அனுபவசாலிகள் தடுமாறுவது இங்கேதான். கேள்வியில் இல்லாத தகவலை நாமே சேர்த்துக்கொள்வோம். "இப்படி ஒரு பையன் வந்தான், அவனுக்கு இது வேலைக்கு ஆகல" என்று மனம் கிளம்பிவிடும். கேள்வியில் இருக்கிற வரிகளுக்கு மட்டும் விடை. "முதலில்" என்று இருந்தால் பெரும்பாலும் மதிப்பீடுதான் முன்னால் வரும்: தற்கொலை எண்ணம் இருக்கிறது என்று சொல்கிறவரை உடனே மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு முன், ஆபத்து எவ்வளவு என்று கேட்டறிய வேண்டும். திட்டம், வழி, கால நெருக்கம் எல்லாம் கேள்வியிலேயே கொடுத்திருந்தால் மதிப்பீடு முடிந்துவிட்டது, அடுத்த படிக்குப் போகலாம். "தவிர" என்ற சொல்லை நொடிப்பொழுதில் தாண்டிப் போகிறவர்கள் அதிகம்.

நோயறிதல் பகுதிக்கு ஒரே ஒரு தாள் எனக்குப் பெரிய உதவி செய்தது. தாளைக் குறுக்காகத் திருப்பி, நடுவில் ஒரு கோடு போட்டு, காலத்தைக் குறித்தேன். கோட்டுக்கு மேலே நோய்கள், ஒவ்வொன்றுக்கும் அறிகுறி எவ்வளவு காலம் இருக்க வேண்டும் என்ற கணக்கோடு. 3 நாளில் கடும் மன அழுத்தக் கோளாறு தொடங்கும், ஒரு மாதத்தில் முடியும். ஒரு மாதம் தாண்டினால் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு). 4 நாள் ஹைப்போமேனியா (மிதமான மிகை உற்சாக நிலை), ஒரு வாரம் மேனியா (அதன் கடுமையான வடிவம்), 2 வாரம் பெருமனச்சோர்வு. ஒரு நாள் முதல் ஒரு மாதம் வரை குறுங்காலச் சைக்கோசிஸ் (நிஜத்தோடு தொடர்பு அறும் நிலை), ஒரு மாதம் முதல் 6 மாதம் வரை ஸ்கிசோஃப்ரெனிஃபார்ம், 6 மாதம் தொட்டால் ஸ்கிசோஃப்ரீனியா. பொதுப் பதற்றக் கோளாறும் 6 மாதம். 2 வருடத்தில் நீடித்த மனச்சோர்வு, சைக்ளோதைமியா (மிதமாக ஏறி இறங்கும் மனநிலை). குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் இவை இரண்டும் ஒரு வருடம். 2022-இல் வந்த டி.எஸ்.எம்-5-டி.ஆர். (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) சேர்த்த நீடித்த துயரக் கோளாறு பெரியவர்களுக்கு 12 மாதம், குழந்தைகளுக்கு 6. வாரத்தில் ஒரு நாள் வெள்ளைத் தாளில் இதை நினைவிலிருந்து வரைந்து, பழையதோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பில் எழுதுவேன். சிவப்பு குறையக் குறைய மனசு லேசாகும். தனித்தனி அட்டைகளில் இதே தகவல் இருந்தபோது இப்படி ஒட்டவில்லை; பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் எது எதோடு குழம்பும் என்று கண்ணுக்குத் தெரிந்தது.

பியாஜே, எரிக்சன், கோல்பெர்க் போன்ற படிநிலைக் கோட்பாடுகளில் வேறு வழி. ஒன்றைப் போல ஒன்று இருப்பவை நினைவில் ஒன்றையொன்று அழிக்கும் என்பதும் பாடத்தில் இருப்பதுதான். முதலில் தனித்தனி நாளில் ஒவ்வொன்றாக, நன்றாக நின்ற பிறகு எல்லாவற்றையும் கலந்து கேள்விகள். தேர்வில் கலந்துதான் வரும். "வளர்ச்சி" என்று தலைப்புப் போட்டு யாரும் கேட்க மாட்டார்கள்.

புள்ளியியலில் கணக்கைவிடக் கருத்துதான் அதிகம். ஆனாலும் அளவீட்டின் திட்டப் பிழையை (ஒருவரின் மதிப்பெண் எவ்வளவு தள்ளிப்போகலாம் என்ற அளவை) கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். திட்ட விலக்கம் 15, நம்பகத்தன்மை 0.84. ஒன்றிலிருந்து 0.84 கழித்தால் 0.16, அதன் வர்க்கமூலம் 0.4, 15-ஆல் பெருக்கினால் 6. ஆக 100 வாங்கிய பிள்ளையின் உண்மை மதிப்பெண் 94-க்கும் 106-க்கும் இடையில் இருக்கும் என்று 68 சதவீத நம்பிக்கையில் சொல்லலாம். நம்பகத்தன்மை கூடினால் இடைவெளி சுருங்கும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும். அதுதான் கேள்வியாக வரும்.

வலுவூட்டலில் ஓர் எச்சரிக்கை. எதிர்மறை வலுவூட்டலைத் தண்டனையோடு குழப்பாதவர் இல்லை, உளவியலாளர்களையும் சேர்த்துத்தான். நான் என் வேலையிலிருந்தே ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டேன்: கையைக் கழுவினால் பதற்றம் இறங்குகிறது, ஆகவே கழுவுவது கூடுகிறது. கூடுகிறது என்றால் வலுவூட்டல். ஒன்று நீங்கியதால் கூடுகிறது என்றால் எதிர்மறை. முதலில் நடத்தை கூடியதா குறைந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

பயிற்சிப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. ஆயிரம் டாலருக்கு மேல் போகிற பாக்கேஜ்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்க வேண்டாம். ஒன்றே போதும், அதில் விளக்கத்தோடு நிறையக் கேள்விகள் இருக்க வேண்டும். சீனியர்களிடமிருந்து பழைய புத்தகம் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் நோயறிதல் பகுதி டி.எஸ்.எம்-5-டி.ஆர்.-க்கு முந்தியதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். ஏ.எஸ்.பி.பி.பி.-யே விற்கும் மாதிரித் தேர்வைக் கடைசிக் கட்டத்துக்கு ஒதுக்குங்கள். தனியார் மாதிரித் தேர்வுகள் வேண்டுமென்றே கடினமாக இருக்கும். அவற்றில் வருகிற எண்ணைப் பார்த்து அழுவதில் பயனில்லை. எது ஏறுகிறது, எது ஏறவில்லை என்பதை மட்டும் பாருங்கள். முழு நீளத் தேர்வு இரண்டு மூன்றாவது எழுதியாக வேண்டும், காலையில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு. 150-ஆவது கேள்விக்குப் பிறகு வாசித்த வரியையே மறுபடி வாசிக்க ஆரம்பிப்போம். அந்தக் களைப்புக்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

பதற்றத்தைப் பற்றி எல்லோரும் யெர்க்ஸ்-டாட்சன் விதியை மேற்கோள் காட்டுவார்கள்: ஓரளவு படபடப்பு உதவும், அதற்கு மேல் போனால் கெடுக்கும். 1908-இல் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த ஆய்வு அது. கடினமான வேலைக்குக் கொஞ்சம் குறைவான மனக்கிளர்ச்சிதான் நல்லது என்பது அதில் உருப்படியான செய்தி. அதை நடைமுறையாக்க எனக்கு உதவியது ஒன்றுதான்: மதிப்பெண் பெருமையும் புலம்பலும் ஓடிக்கொண்டிருந்த வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து தேர்வு முடியும்வரை வெளியே வந்தது.

இனி நம் ஆட்களுக்கு மட்டுமான விஷயம்: பெயர். தேர்வு மையத்தில் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் பதிவில் இருக்கும் பெயரும் பொருந்த வேண்டும். நமக்கோ இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலி, விசாவில் முதல் பெயர் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியாது) என்று ஆயிரம் கோலம். என் பல்கலைக்கழகச் சான்றிதழில் ஒரு வரிசை, ஓட்டுநர் உரிமத்தில் வேறு வரிசை. வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் முதல் நாளே எந்த அட்டையைக் காட்டப் போகிறீர்கள் என்று முடிவு செய்து, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எல்லா இடத்திலும் கொடுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குச் சில வாரியங்கள் கூடுதல் நேரம் தருவதுண்டு. உங்கள் வாரியத்தில் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இத்தனை வருடம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு இதைக் கேட்பதா என்ற கூச்சம் வேண்டாம். 68 நொடியில் நீளமான ஒரு சம்பவத்தை வாசிக்க வேண்டியிருக்கும்.

தேர்வு நாளில் சட்டைப் பைகளை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்ப்பார்கள், மற்றதெல்லாம் லாக்கரில். அழித்து எழுதும் பலகையும் பேனாவும் தருவார்கள். நடுவே எழுந்து போகலாம், கடிகாரம் நிற்காது. நான் நூறைத் தாண்டியதும் ஒரு முறை எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்த நான்கைந்து நிமிடத்துக்கு மேல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

கேள்விகளில் சில, வாழ்க்கையில் கேள்விப்பட்டே இராத விஷயமாக இருக்கும். அடுத்தடுத்து மூன்று அப்படி வந்தால் நெஞ்சு அடைக்கும். 50 கேள்விகள் எண்ணப்படாது என்ற தகவல் இந்த இடத்தில்தான் சோறு போடுகிறது. "இது அந்த ஐம்பதில் ஒன்று" என்று சொல்லிக்கொண்டு, தெரிந்த அளவுக்கு இரண்டு விடையை நீக்கி, ஒன்றைத் தட்டிவிட்டு நகருங்கள். அது உண்மையிலேயே அந்த ஐம்பதில் ஒன்றா என்பது முக்கியமே இல்லை. அடுத்த கேள்விக்குத் தலை தெளிவாகப் போவதுதான் முக்கியம். குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து மாற்றுவதானால், கேள்வியைத் தவறாக வாசித்திருந்தோம் என்று கண்டுபிடித்தால் மட்டும் மாற்றுங்கள்.

இது முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று கொண்டாடிவிட்டுப் புத்தகங்களைக் கட்டி வைக்காதீர்கள். பல மாநிலங்களில் அந்த மாநிலச் சட்டத்துக்கென்று தனித் தேர்வு உண்டு. கலிஃபோர்னியாவில் அது சி.பி.எல்.இ.இ. ஈபிபிபி-யில் ஒதுக்கி வைக்கச் சொன்ன மாநில விதிகளெல்லாம் அங்கேதான் கேட்கப்படும். குழந்தை வன்கொடுமை என்று சந்தேகம் வந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை, பதிவேடுகளை எத்தனை வருடம் வைக்க வேண்டும், சிறுவர்கள் எந்த வயதில் தாமே சிகிச்சைக்குச் சம்மதிக்கலாம் என்று எல்லாம் எண்களும் விதிவிலக்குகளும். அறப் பகுதி சூடாக இருக்கும்போதே, இரண்டு மூன்று வார இடைவெளியில் தொடங்கிவிடுவது நல்லது. என் தோழி அவள் மாநிலத்தில் திறந்த புத்தகத் தேர்வாக இருந்ததால் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். நான் மறுபடியும் காரில் "ஏ ஏன் தப்பு" என்று கேட்கச் சொல்லி அவளுக்கே போன் போட்டேன்.